ஞானப்பூ கேட்டு வாங்கிய குளிர்

காலையில் முதலில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவது ஞானப்பூ அக்காதான். அவள் திரும்பி வந்து சொல்லும்வரை நாங்கள் பூட்ஸ் மாட்டி, ரம்பத்தை மடியில் சாய்த்துக்கொண்டு கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். சன்னல் வழியாக அவள் தெரிவாள். வலது கையுறையைக் கழற்றுவாள். மூக்கை மூடிய துணியை இறக்குவாள். பிறகு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வெளியே நிறுத்திய பிள்ளையைப் போல அசையாமல் நிற்பாள்.

உள்ளே வந்ததும் ஒரு வரிதான் பேசுவாள். "காதுக்குள்ள கடுக்கு. யாரும் முகத்தத் தொறக்காதிய." இல்லையென்றால், "காத்து சும்மாதான் இருக்கு, தாராளமாப் போலாம்." மேஸ்திரி பொன்னுலிங்கம் அண்ணாச்சி தலையை ஆட்டுவார். நாங்கள் எழுந்து வரிசையாக நடப்போம். வெளியே உயிரை உறிஞ்சும் குளிரா, சும்மா இருக்கும் குளிரா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் தோலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நாங்கள் தூத்துக்குடி உப்பளத்துச் சனம். கடல் உள்ளே ஏறி உப்பளத்தை விழுங்கியது. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றவர்கள் சுருண்டு விழத் தொடங்கினார்கள். அதன் பிறகு கப்பலேறி, வடகோடியில் உறைந்து கிடக்கும் இந்த ஆற்றின் வாய்க்கு வந்தோம். வெள்ளையைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள், கண் கூசாது என்று எங்களைப் பொறுக்கி எடுத்தார்களாம். அங்கே உப்பு வாரினோம், இங்கே பனி அறுக்கிறோம். அறுத்த பாளங்களைக் கோடையில் மிதவைகளில் ஏற்றித் தெற்கே இழுத்துப் போவார்கள். அங்கே மிச்சம் இருக்கிறவர்கள் குடிக்கும் தண்ணீர் அது.

இதற்கெல்லாம் இயந்திரம் இல்லையா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இருந்தது. இந்தக் குளிரில் எண்ணெய் மெழுகாகிவிடுகிறது, மின்கலம் செத்துவிடுகிறது. இயந்திரம் நின்றால் உதிரிபாகம் வர அடுத்த கோடை ஆகும். மனிதன் நின்றுபோனால் தெற்கே துறைமுகத்தில் வரிசை காத்திருக்கிறது.

வந்து இறங்கிய புதிதில் எங்களால் வேலை செய்ய முடியவில்லை. வலி. ரம்பத்தைப் பிடித்த கையைப் பிரிக்க முடியாது, அழுதுகொண்டே ஓடி வருவோம். அப்போதுதான் தண்மறப்பு ஊசி வந்தது. கழுத்துக்குப் பின்னால் ஒரே ஒரு குத்து. குளிரை மூளைக்குச் சொல்லும் நரம்புகள் அணைந்துவிடும். போட்டால் போட்டதுதான், திரும்ப எரிய வைக்க வழியில்லை. குளிரோடு இளஞ்சூடும் போய்விடும் என்பதை மட்டும் சின்ன எழுத்தில் சொல்லியிருந்தார்கள். காப்பியை நான் ஆவியைப் பார்த்துத்தான் குடிக்கிறேன்.

ஆனால் வலிதானே போகும், குளிர் எங்கே போகும்? அது தன் பாட்டுக்கு விரலைத் தின்னும், காதைத் தின்னும். அதற்காக உடையில் உடல்மானி வைத்துத் தைத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தால் பத்திரம். ஒரு பனிக்காலத்தில் பக்கத்துக் குழு முழுவதும் பச்சை விளக்கு எரிய எரிய விறைத்துக் கிடந்தது. குளிரில் முதலில் உறைந்தது மானிதான். அன்றைக்குக் குடியிருப்புச் சபை கூடி ஒரு விதி எழுதியது. ஒவ்வொரு குழுவிலும் ஊசி போடாத ஒருவர் இருக்க வேண்டும். குழு எங்கே நிற்கிறதோ அங்கே அவரும் நிற்க வேண்டும். அவருக்குப் பொறுக்க முடியாமல் போகும்போது விசில் ஊத வேண்டும். விசில் கேட்டால் எல்லோரும் போட்டதைப் போட்டபடி வெப்ப அறைக்கு ஓட வேண்டும். அவருக்குப் பெயர் உணர்வாள். உணர்வாள் இல்லாத குழு வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாத குழுவுக்குத் தெற்கே போகும் கப்பலில் இடம் தயாராக இருக்கும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்கள் குழுவில் எல்லோருடைய தலைவலியும் ஞானப்பூ அக்காவுக்குத்தான் வந்தது.

அது பகல் கதை. சாயங்காலக் கதை வேறு. கஞ்சி குடித்த பிறகு கூடத்தில் குளிர் கைமாற்று நடக்கும். வெயில் ஊரில் இருப்பவன் மழையைப் பற்றிப் பேசுவான், பட்டினி கிடப்பவன் பிரியாணியைப் பற்றிப் பேசுவான். நாங்கள் குளிரைப் பற்றிப் பேசுவோம். ஊசிக்கு முன்னால் அவரவர் பட்ட குளிர் மட்டும்தான் அவரவர் சொத்து. கொடைக்கானல் போய் ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கியது, கப்பல் தளத்தில் கம்பியைத் தொட்டுத் தோல் ஒட்டிக்கொண்டது என்று ஒவ்வொருவரிடமும் ஒன்றிரண்டு உண்டு. சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் மாற்றிக்கொள்ளத் தொடங்கினோம். என் குளிரை உனக்குத் தந்துவிட்டால் அப்புறம் அது உன்னுடையது. நீ "எனக்கு" என்று ஆரம்பித்துச் சொல்லலாம், நான் வாயைத் திறக்கக் கூடாது. யாருக்கும் எதுவும் உறைக்காதபோது அது யார் தோலில் நடந்தது என்பதில் என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரர் சேர்மத்துரையிடம் ஒரு குளிர் இருந்தது. குழுவிலேயே பெரிய குளிர் அதுதான். இளவட்டத்தில் மீன் குடோனில் வேலை பார்த்தபோது அவர் உள்ளே இருப்பது தெரியாமல் குளிர் அறையை வெளியே பூட்டிவிட்டார்கள். அதை அவர் சொல்லும் அழகே தனி.

"மொதல்ல நகக்கண்ணுல எறும்பு ஊரும் பாத்துக்கிடுங்க. ஒண்ணு, ரெண்டு, அப்புறம் புத்தே வந்துரும். விரலெல்லாம் குறுகுறுன்னு ஓடும். எறும்பு ஊருத மட்டும் பயமில்ல. திடீர்னு ஒவ்வொரு எறும்பாச் சாவும். கடைசி எறும்பும் செத்துச்சுன்னா நம்ம கத முடிஞ்சிது."

எத்தனையோ பேர் இதைக் கேட்டார்கள். கொடைக்கானலையும் கப்பல் கம்பியையும் சேர்த்துத் தருகிறேன் என்றுகூட ஒருவர் பேரம் பேசினார். இவர் அசைந்து கொடுக்கவில்லை. "எங்கிட்ட இருக்கது இந்த எறும்பு ஒண்ணுதான் வே, அதயும் கேட்டா எப்படி?" என்பார். கட்டின பெண்டாட்டியைக் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பார், எறும்பைத் தரமாட்டார் என்று நான் கேலி பண்ணுவேன்.

இலையுதிர்காலத்தில், கடைசிக் கப்பல் கரையில் நின்றபோது, ஞானப்பூ அக்கா ஒரு நாள் எங்கள் அறைக்கு வந்தாள். எங்கள் மகள் அலைமதி சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவள், அன்றைக்கு வீட்டில் இருந்தாள். இருபது வயது முடிந்திருந்தது. பனிக்காலம் தொடங்குமுன் ஊசி போட்டுக்கொண்டு அவளும் பனி அறுக்க வருவதாக ஏற்பாடு. அக்கா வாசலிலேயே நின்று பேசினாள்.

"தம்பி, எனக்கு ஏலல. மூட்டெல்லாம் போச்சு. சபையில கேட்டேன், ஊசி போடாத ஆளு யாராவது எனக்குப் பதிலா வந்தா விடுதோம்னுட்டாவ. குழுவுல ஊசி போடாம இருக்கது உன் மவ ஒருத்திதான்."

இவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "நல்லா இருக்கே கத. எம் மவள நான் வலிக்கதுக்கா பெத்தேன்? நீங்க இன்னும் ரெண்டு வருசம் பாருங்கக்கா, யாராவது புதுசா வருவாவ."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அலைமதியைப் பார்த்தேன். என் மகளின் விரல்கள் நீளமானவை, ஒன்றும் குறையாதவை. அக்காவின் கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. இவர் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. எந்தத் தாய்க்கும் பட்டிருக்கும். அலைமதி மட்டும் எழுந்து போய் அக்காவுக்கு நாற்காலி போட்டாள். அக்கா உட்காரவில்லை.

பிறகு அலைமதிக்குச் சளி பிடித்தது. ஊசி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கப்பல் போனது, ஆறு இறுகியது, சூரியன் மறைந்து நீண்ட இருட்டு வந்தது.

முதல் பெரிய பனி விழுந்த வாரம் ஒரு அதிசயம் நடந்தது. ஞானப்பூ அக்கா கைமாற்றில் வந்து உட்கார்ந்தாள். அவள் ஒருநாளும் அதில் சேர்ந்ததில்லை. பகலெல்லாம் பட்டுவிட்டு வந்து சாயங்காலமும் அதையே யார் பேசுவார்கள் என்று சீக்கிரம் படுத்துவிடுவாள். அன்றைக்கு நேராக என் வீட்டுக்காரரிடம் வந்தாள்.

"தம்பி, அந்த எறும்ப எனக்குத் தாயேன்."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அந்தப் பூரிப்பு இல்லை. குளிரென்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள், இவர் குளிரைக் கேட்கிறாள். ராஜா வந்து நம் வீட்டுக் கஞ்சியைக் கேட்டமாதிரி.

"உங்களுக்கில்லாததாக்கா? எடுத்துக்கிடுங்க. பதிலுக்கு என்ன தாறிய?"

அவள் நுனியில்லாத விரல்களைத் தடவிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "போன மாசம் எடத்துல நிக்கும்போது எனக்கு அழுக வந்துட்டு. அழுதா இமை ஒட்டிக்கிடும்னு தெரியும். தெரிஞ்சும் அழுதேன். ரெண்டு கண்ணும் ஒட்டிப்போச்சு. பக்கத்துல யாராவது வாயால ஊதினா பிரிஞ்சிரும். யாரயும் கூப்பிடல. நீங்க அறுத்து முடிக்க மட்டும் கண்ணு தெரியாம அப்படியே நின்னேன். அவ்வளவுதான்."

"இதுல கதையே இல்லியேக்கா," என்றார் யாரோ. எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மனதோடு இவர் அதை வாங்கிக்கொண்டார். படுக்கப் போகும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். "பாத்தியா பேச்சிக்கனி, எறும்பு யார்கிட்டப் போய்ச் சேந்துட்டுன்னு?" எனக்குத் தூக்கம் வந்தது. ஆமாம் ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு நாள். கப்பல் தடத்துக்கு அருகே பனி வெடித்து, பிளவில் தண்ணீர் தெரிந்தது. அங்கே பாளம் தெளிவாக இருக்கும் என்பதால் அண்ணாச்சி அங்கேயே அறுக்கச் சொன்னார். அக்கா வழக்கம்போலக் கையுறையைக் கழற்றி நின்றாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றாள். போகிற போக்கில் பாளம் இழுக்கும் பனிவண்டியின் மறைவில், காற்று படாமல் தொங்கிய வெப்பமானியை எட்டிப் பார்த்தாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"நகக்கண்ணுல எறும்பு ஊருது," என்றாள்.

என் வீட்டுக்காரர் ரம்பத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "கேட்டியளா? எம் பேச்சு! எறும்பு சாவலைல்லா, வாங்க வேலயப் பாப்போம்." எல்லோரும் சிரித்தோம். எறும்பு ஊர்கிறவரை பயமில்லை என்று எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். விளக்குக் கம்பத்தைத் தாண்டி, பிளவின் ஓரத்துக்கு அவர்தான் முதலில் போனார்.

எனக்கு அப்போதே ஏதோ நெருடியது. அறுத்துக்கொண்டே யோசித்தேன். காதுக்குள் கடுக்கிறது, பல் கூசுகிறது, கண் பின்னால் இழுக்கிறது என்று அவள் சொல்வது ஒவ்வொன்றும் அன்றன்றைக்குப் புதிதாகப் பிறந்த சொல். அன்று பட்டது அன்றைய வாயில் வரும். படுகிறவளுக்கு எதற்கு இரவல் பேச்சு? அடுப்பு எரிகிற வீட்டில் யாராவது பக்கத்து வீட்டுக்கு நெருப்பு வாங்கப் போவார்களா?

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். தன் இடத்தில் நின்றாள், வாயில் விசில் இருந்தது. பிளவிலிருந்து காற்று திவலையை வாரி வந்துகொண்டிருந்தது. அவள் முகத்துணி நழுவிக் கழுத்தில் கிடந்தது, கன்னம் மெழுகு நிறத்தில் வெளுத்திருந்தது. அவள் அதை இழுத்து மூடவில்லை. ஈ மொய்த்தால் விரட்டாத பிணத்தின் முகம் அது.

"விசில் ஊதுக்கா!" என்று கத்தினேன். அவள் திகைத்து விழித்தாள். எப்போது ஊதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி இவரைத் தேடினேன். பிளவின் ஓரத்தில், உடை முழுவதும் திவலை பட்டு உறைந்து கண்ணாடியாக மின்ன, ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு மேல்சட்டையின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையுறை இரண்டும் பனியில் கிடந்தன. நான் ஓடி வருவதைப் பார்த்ததும் சிரித்தார்.

"வேர்க்குது பேச்சி," என்றார். நாக்கு குழறியது. "சித்திர மாசம்லா."

விறைத்துச் சாகிறவனுக்குத்தான் கடைசியில் வேர்க்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணாச்சியும் நானும் மற்றவர்களும் அவரை வெப்ப அறைக்கு இழுத்து வந்தோம். ஈர உடையை வெட்டி எறிந்து, கம்பளியில் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் கிடத்தினோம். மூச்சு இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் இருந்தது. குடியிருப்பிலிருந்து வைத்தியர் ரேடியோவில் கேட்டார். "நெஞ்சில் சூடு ஏறுகிறதா? ஏறினால் அங்கேயே வைத்திருங்கள். ஏறவில்லை என்றால் உடனே வண்டியில் கொண்டுவந்து விடுங்கள். தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்."

நான் தொட்டேன். என் இரண்டு கையையும் அவர் நெஞ்சில் வைத்தேன். என் புருசனின் நெஞ்சு. மயிர் தெரிந்தது, எலும்பு தெரிந்தது. சூடா குளிரா என்று தெரியவில்லை. அண்ணாச்சி தொட்டார். ஒவ்வொருவராகத் தொட்டார்கள். பிறகு எல்லோரும் ஞானப்பூ அக்காவைத் திரும்பிப் பார்த்தோம்.

"தொட்டுச் சொல்லுக்கா," என்று கெஞ்சினேன். "சூடு ஏறுதா?"

அவள் முழந்தாளிட்டு உட்கார்ந்து உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்தாள். கையை எடுத்து மறு கையை வைத்தாள். கன்னத்தை வைத்தாள். ரேடியோ கரகரத்துக்கொண்டிருந்தது. "சொல்லுங்கள், சூடு ஏறுகிறதா?" அவள் அப்படியே அவர் மேல் கவிழ்ந்து அழத் தொடங்கினாள்.

"எனக்குத் தெரியல பேச்சி," என்றாள். "சத்தியமாத் தெரியல. கப்பல்ல வந்த கம்பவுண்டர்ட்டச் சொல்லி நானும் ஊசி போட்டுக்கிட்டேன்."

ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கு எங்களில் யாருக்கு வாய் இருந்தது? வண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு போனோம். இருட்டில் குடியிருப்பின் விளக்குகள் தெரியத் தொடங்கியபோதும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சமையற்கூடத்திலிருந்து அலைமதி மாவுக் கையோடு ஓடி வந்தாள். என் கையிலிருந்து அவர் கையை வாங்கினாள். வாங்கியதும் வெடுக்கென்று விட்டுவிட்டாள்.

"யம்மா," என்றாள். "அப்பா சில்லுன்னு இருக்காவம்மா."

அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

சபை விசாரித்தது. ஞானப்பூ அக்காவைத் தெற்கே அனுப்பலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் இத்தனை வருடம் எட்டுப் பேரின் வலியை ஒருத்தியாகப் பட்டவள் அவள். ஊசி போட்டவளை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது என்பதால் அறுப்புக்கே போட்டார்கள். என் வீட்டுக்காரரின் ரம்பம் இப்போது அவளிடம்தான் இருக்கிறது.

உணர்வாள் இல்லாமல் குழு கூடத்துக்குள்ளேயே கிடந்தது. கோடைக் கப்பலில் எங்களைத் திருப்பி அனுப்பும் பேச்சு வந்தது. ஒரு நாள் கஞ்சி குடிக்கும்போது அண்ணாச்சி தொண்டையைச் செருமிவிட்டுக் கஞ்சியைக் கலக்கினார். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என் மகள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த அலைமதி கரண்டியை வாளியில் வைத்தாள்.

"நான் நிக்கேன்," என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே ஞானப்பூ அக்கா உட்கார்ந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நாள் காலை, நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, என் மகள் கதவைத் திறந்துகொண்டு போனாள். சன்னல் வழியாகப் பார்த்தேன். வலது கையுறையைக் கழற்றினாள். முகத்துணியை இறக்கினாள். தோள் ஒருமுறை குலுங்கியது. உள்ளே வராமல் அப்படியே நின்றாள். ஏனென்று எனக்குப் புரிந்தது. ரம்பத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

இரண்டு கண்ணும் ஒட்டியிருந்தன. அப்பனை நினைத்திருப்பாள். அவள் முகத்தை இரு கையிலும் பிடித்து, இமை மேல் வாயை வைத்து ஊதினேன். ஒரு கண், மறு கண். என் மூச்சு எனக்குச் சூடாக இருக்கிறதா என்று தெரியவில்லை.

"சூடா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா."

இமைகள் பிரிந்தன. உள்ளே சிவந்து கிடந்தது. பின்னால் கதவருகே குழு வந்து நிற்பது தெரிந்தது. ஞானப்பூ அக்காவும் நின்றாள். எல்லோரும் அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தார்கள். நானும்தான் காத்திருந்தேன். அவள் எறும்பு என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

"எப்படி இருக்கு?"

"வலிக்கும்மா," என்றாள் என் மகள். உதடு நடுங்கியது. "கை ரொம்ப வலிக்கு. எலும்பப் பிடிச்சித் திருகுதாப்புல இருக்கு."

என் மார்பிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கியது. பின்னால் எல்லோரும் மூச்சு விடுவது கேட்டது.

"நல்லது," என்றேன். அவள் கையுறையை எடுத்து மாட்டிவிட்டேன். பிறகு என் ரம்பத்தை எடுக்க உள்ளே போனேன்.